வாய் காய்ஞ்சவ

இருங்க, கோழிய வெரட்டிட்டு வாரேன். ம், இப்பம் சொல்லுங்க. அந்தப் பாய மிதிச்சிராதிய, அரிசி காயுது. ரேஷன் காலத்துல இந்தப் பிச்சம்மாளுக்கு இம்புட்டுப் பச்சரிசி எங்கனருந்து வந்துச்சுன்னு பாக்கியளாக்கும்? சொல்லுதேன். மொதல்ல உக்காருங்க. முத்து யாவாரி வீட்டம்மா, தூத்துக்குடியிலருந்து மாப்பிள்ளையூரணி வரைக்கும் முக்காடு போட்டுக்கிட்டு இந்த வேகாத வெயில்ல நடந்தா வந்திய? வில்வண்டி என்னாச்சு? ஓ, யாருக்கும் தெரியக்கூடாதோ. சரி, சரி.

தண்ணி குடிங்க. குடிங்கம்மா, பானை நெறைய இருக்கு. ஒரு வார்த்த பேசினா ஒரு மடக்குத் தண்ணி வேணும், இல்லியா? நாக்கு போயி மேல ஒட்டிக்கிடுது. கொழம்புல கொஞ்சம் உறைப்பு கூடினா தீயா எரியுது. விடிஞ்சு எந்திரிச்சா வாய் உப்பளங்கணக்கா கெடக்கு. எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கிய? நல்லாக் கேட்டிய போங்க. வீட்டுக்குத் தூரமாறது நின்னு எத்தன மாசமாச்சு? எட்டா? எனக்கு அன்னைக்கு நின்னு ஆறு மாசம்.

என்னைக்கா? மறந்திட்டியளோ! நாலு வருசம் முன்ன, சப்பான்காரன் குண்டு போடப்போறான்னு ஊரே சட்டிபானையக் கட்டுச்சே, அப்பம். உங்க முத்துக் கம்மல்ல ஒண்ணக் காணும்னு வேலக்காரங்க ஏழு பேரயும் அம்மன் கோயில் வாசல்ல நிறுத்துனிய. ஆளுக்கு ஒரு கை பச்சரிசி. மென்னு எலையில துப்பணும். களவாண்டவளுக்கு பயத்துல எச்சி ஊறாதாம், அரிசி காஞ்சு வருமாம். ஆறு பேரு கூழாத் துப்புனாவ. நான் துப்புனது மாவாப் பறந்துச்சு. எனக்கே வெளங்கல. ரெண்டு மாசமா வாய் இப்படித்தாம்மா காயுதுன்னு உங்க கால்ல விழுந்து அழுதேன். களவாணி ஒடம்பு மேல பழி போடுதா பாருங்கன்னு மொதல்ல கத்துனது யாரு? நீங்கதான். அந்தக் கொரல் இன்னும் எங்காதுலயே நிக்கி.

எம் மவளுக்கு வெத்தல பாக்கு மாத்தியாச்சு அப்பம். விளாத்திகுளத்துச் சம்பந்தம். களவாணி வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாவ. இந்தா, இன்னைக்கும் அளத்துலதான் உப்பு வாருதா. வேற ஒருத்தனும் வாசப்படி ஏறல.

இருங்க, முடிக்கல. ஆறு மாசங்கழிச்சு அந்தக் கம்மல் உங்க தலவாணி உறைக்குள்ளருந்து விழுந்துச்சாமே? உங்க வண்டிக்காரன் செந்தூர்பாண்டிதான் சொன்னான். ஏன் தலையக் குனியுதிய? பிச்சம்மா எடுக்கலன்னு அதே வாசல்ல வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? அன்னைக்கு உங்க வாயில எச்சி நல்லாத்தான ஊறுச்சு?

பொறவு ஈறு வெந்து பல்லு ஆட ஆரம்பிச்சுச்சு. பாருங்க, மேல மூணு இல்ல. மிஷன் ஆசுபத்திரி டாக்டரம்மாதான் புடுங்குனாவ. அவுகதான் சொன்னாவ, தூரம் நிக்கித வயசுல சில பொம்பளைகளுக்கு எச்சி கொறையும், நாக்கு எரியும், எச்சி இல்லன்னா பல்லும் கெட்டுப்போகும்னு. இது ஒடம்போட மாத்தம், இதுல களவும் இல்ல சாமி குத்தமும் இல்லன்னாவ. நான் அங்கனயே ஒக்காந்து அழுதேன். பல்லு வலிக்குன்னு நெனச்சாவ, பாவம்.

என்னது, டாக்டரம்மாவ நாளைக்குக் கோயிலுக்குக் கூட்டிட்டு வரணுமா? எதுக்கு? வாய் காயுதது களவு இல்லன்னு ஊருக்குச் சொல்லவா? உங்க பொறுப்புல இருந்த அம்மனோட முத்து மூக்குத்தியக் காணல. கோயில் சொத்து. பணக்காரின்னு பாக்க முடியுமா? வீட்டுல உள்ள அம்புட்டுப் பேரும் மெல்லணும்னு ஊர்க்கூட்டம் சொல்லிட்டு. மெல்லுங்க.

நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியும்மா. சத்தியமாத் தெரியும். நானும்தான எடுக்கல? அதுலதான் நெஞ்சு குளுந்து கெடக்கு எனக்கு. நீங்க எடுத்திருந்தா இம்புட்டுக் குளுந்திருக்காது.

எந்திரிச்சிட்டியளா? பாத்து, பாய மிதிச்சிராதிய. ஆங், அரிசி! கேட்டியள்லா. ஊர்ப்பெரியவரு பொன்னுதுரை அண்ணாச்சி குடுத்தது. நாளைக்கு மெல்லுத அரிசி, உங்க வீட்டு மேல இரக்கப்படாத கையாப் பாத்துக் காயவைக்கக் குடுக்கணும்னு தேடிக்கிட்டு இருந்தாவ. நானே போயி கேட்டு வாங்கிட்டேன். மூணு நாளாக் காயுது. ரெண்டு மணி எடுத்து வாயில போட்டுத்தான் பாருங்களேன்.