மேற்கு ஊருக்குப் பவுடர் கிடையாது

பெட்பேன் கழுவுவதில் எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. வார்டு வேலை பிடிக்காமல்தான் நான் ஆராய்ச்சிக்கு ஓடிப்போனேன் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலத்தைக் கண்டு முகம் சுளிக்கிறவள் வயிற்றுப்போக்கு ஆராய்ச்சியில் என்னத்தைக் கிழிக்க முடியும்?

எங்கள் பங்குச் சாமியாரிடம் இதைச் சொல்லப் போனேன். அவர் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போதே தூங்கிவிடுகிறவர். நீங்கள் விழித்திருக்கிறீர்கள். அந்த மட்டில் நல்லது.

என் பெயர் இன்பமேரி. வில்லியனூர்ப் பக்கம். டவுன் ஆஸ்பத்திரியில் பல வருஷம் நர்சாக இருந்தேன். அங்கே எனக்குப் பெயர் ‘ஏ சிஸ்டர்’. நேற்று மீசை முளைத்த டாக்டர்கூட ‘ஏ சிஸ்டர், ஊசி எங்கே’ என்பான். நோயாளி பிழைத்தால் டாக்டருக்கு மாலை போடுவார்கள். செத்தால், நர்ஸ் சரியாகப் பார்க்கவில்லை என்பார்கள். வீட்டில் என் கணவர் அமிர்தசாமி என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் சோற்றைப் பற்றியவைதான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மழைக்கு முன்னால் டாக்டர் மணவாளன் வந்தார். பிள்ளைகளுக்கு வயிற்றால் போகும்போது கரைத்துக் கொடுக்க ஒரு பவுடர். உப்பு, சர்க்கரை, இன்னும் ஏதோ இரண்டு சேர்ந்தது. வீட்டிலேயே தாய் கொடுத்தால் பிள்ளை பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஊர் ஊராகப் போக ஒரு நர்ஸ் தேவை. என்னை ஜீப்பில் முன் சீட்டில் உட்கார வைத்தார். பாகூர் ஏரிக்கரை மேல் போகும்போது திரும்பி, “இதுல உங்க அபிப்ராயம் இன்னா, இன்பமேரி?” என்று கேட்டார்.

எனக்கு என்று ஒரு அபிப்ராயம் இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கே தோன்றியதில்லை. அன்றைக்கு ஒன்றை உண்டாக்கிக்கொண்டேன்.

இரண்டு ஊர்கள் எடுத்தோம். நடுவில் ஒரு வாய்க்கால். கிழக்கு ஊருக்குப் பவுடர் உண்டு, மேற்கு ஊருக்குக் கிடையாது. இரண்டையும் ஒப்பிட்டால் பவுடரின் யோக்கியதை தெரிந்துவிடும். ஊர்களின் பெயரைக் கேட்காதீர்கள். ஆராய்ச்சியில் அதை வெளியே விடக்கூடாது. அந்த ஒழுங்கை நான் இன்றுவரை மீறியதில்லை.

டாக்டர் ஒன்று சொன்னார். அதையும் மறைக்கவில்லை. “மேற்கு ஊர்ல எந்தப் புள்ளையாவது மோசமாச்சுன்னா யோசிக்காதீங்க. ஜீப்புல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க. உயிரு முக்கியம். ஆராய்ச்சி அப்புறம்.” எல்லா டாக்டர்களும் இப்படிச் சொல்வதுண்டு. கோயிலில் தர்மம் செய்யச் சொல்கிற மாதிரி.

ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தால் டில்லிக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப்போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நிரந்தரமாக ஆராய்ச்சி நர்ஸ் வேலை. மறுபடியும் ‘ஏ சிஸ்டர்’ கிடையாது.

மழை வந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கிழக்கு ஊரில் பவுடர் குடித்த பிள்ளைகள் இரண்டாம் நாளே எழுந்து மண்ணைத் தின்னப் போய்விட்டன. சந்தோஷம். ஆனால் மேற்கு ஊர்ப் பிள்ளைகளும் எழுந்துவிட்டன.

“இன்னா இன்பமேரி, பவுடர் இல்லாமலே தேறிடுதுங்களே. நாம மூட்டை கட்டிக்கினு போயிடலாமா?” என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தை நான் கண்டுபிடித்தேன். ஆராய்ச்சி மூளை எனக்கு இயற்கையாகவே உண்டு. மேற்கு ஊரில் காசம்மாள் என்று ஒருத்தி. கரும்பு வெட்டப் போகிறவள். அவள் தங்கையைக் கிழக்கு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. நான் அங்கே பவுடர் கரைத்துக் காட்டியபோது அந்தத் தங்கை நக்கிப் பார்த்துவிட்டு, “இது உப்பும் சக்கரையுந்தானே நர்சம்மா” என்றிருக்கிறாள். அப்படியே வாய்க்காலைத் தாண்டி வந்து அக்காவிடமும் சொல்லிவிட்டாள். காசம்மாள் வெல்லத்தையும் உப்பையும் சொம்பில் கலக்கி வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளிடம் நல்லவிதமாகவே பேசினேன்.

“இதெல்லாம் நீ செய்யக்கூடாது காசம்மா.”

“ஏன் நர்சம்மா? கொயந்தைங்க பொழைக்குதே.”

“இந்த ஊர் அப்படியே இருக்கணும். அதுக்குத்தான் எடுத்திருக்கோம்.”

“அப்படியேன்னா?”

அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. படிக்காதவர்களிடம் இதுதான் தொல்லை. நேராக உயிரில் வந்து நின்றுவிடுவார்கள்.

அதனால் குழாயடிக்குப் போனேன். பெண்கள் குடத்தோடு நின்றார்கள். வெல்லத் தண்ணீர் வயிற்றில் புளித்துப்போகும் என்றேன். உப்பு, பிள்ளைக் குடலை வேகவைத்துவிடும் என்றேன். வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீரே காட்டாதீர்கள், காய்ந்தால் தானாக நிற்கும் என்றேன். அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த எண்ணம்தான் அது. நான் வெள்ளைப் புடவையோடு நின்று ஆமாம் சொன்னேன், அவ்வளவுதான். காசம்மாளுக்குப் பிள்ளை இல்லை. அதையும் யாரோ ஞாபகப்படுத்தினார்கள். நான்தான். மலடி கொடுக்கிற தண்ணீர் என்று ஆனபிறகு ஒரு வீட்டிலும் அவள் சொம்பை உள்ளே விடவில்லை. ஒருத்தி தெருவிலேயே பிடுங்கிக் கவிழ்த்தாளாம்.

அதற்குப் பிறகு ஒப்பீடு சரியாக வந்தது.

தையலம்மாள் வீட்டைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அவள் பெண்ணுக்கு விஜயகுமாரி என்று பெயர். பெயர் பெரிது, ஆள் ஒரு முழம். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். மத்தியானம் நான் போனபோது கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். என் தொழில் அது.

வாசலில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பச்சையப்பன் எட்டிப் பார்த்து, “ஏத்திக்கலாமா சிஸ்டர்?” என்றான்.

“வேணாம். தேறிடும்” என்றேன்.

இதை நான் அவசரத்தில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றுகிற பாட்டிலும் உப்புத் தண்ணீர்தான். அதை ஏற்றிப் பிழைத்த பிள்ளையை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? யோசித்துப் பாருங்கள், சிக்கல்தான்.

“தண்ணி கேக்குதும்மா. ஒரே ஒரு வாய் குடுக்கட்டுமா?” என்று தையலம்மாள் கேட்டாள்.

“குடுக்காதே” என்றேன்.

வெளியே மழை. கூரை முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. பை என் மடியில் இருந்தது. கிழக்கு ஊருக்கு எடுத்துப்போக வேண்டிய பாக்கெட்டுகள் அதற்குள் இருந்தன. கிழக்கு ஊருக்கு உள்ளதை மேற்கு ஊரில் பிரிக்கக்கூடாது. முடிகிற வரைக்கும் நான் எழுந்து போகவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டேதான் இருந்தேன். தையலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கூட இருந்தது ஆறுதலாக இருந்ததென்று பிறகு ஊரில் சொல்லியிருக்கிறாள்.

விஜயகுமாரியோடு சேர்த்து அந்த மழையில் மேற்கு ஊரில் ஆறு பிள்ளைகள். கிழக்கு ஊரில் ஒன்றுகூட இல்லை. டாக்டர் மணவாளன் மேற்கு ஊருக்காகக் கண் கலங்கினார். “ஜீப் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுதா?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். நம்பினார். நல்ல மனிதர்களிடம் வேலை செய்வது சுலபம்.

டில்லிக்குப் போனோம். பெரிய ஹால், ஏசி. எல்லோரும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் தூங்கினார்கள். கிழக்கு ஊர், மேற்கு ஊர் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியதும் விழித்துக்கொண்டார்கள். பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டு, இந்த வேலை முழுக்க இவர் செய்தது என்றார். கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரர் வந்து கைகுலுக்கி என்னை ‘மிஸ் மேரி’ என்றார். நான் நான்கு பெற்றவள். இருந்தாலும் திருத்தவில்லை.

திரும்பி வந்தபோது டாக்டர் அறையில் காசம்மாள் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் பச்சையப்பனும் பக்கத்தில் நின்றான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள். நிஜமா என்று டாக்டர் கேட்டார். நிஜம் என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவர் எழுந்து போய் ஜன்னலில் வாந்தி எடுத்தார். டாக்டர் வேலைக்கு ஆகாத வயிறு. திரும்பி வந்து, “இவ கலக்கின வெல்லத் தண்ணி ஒரு ஊரையே காப்பாத்துச்சு. அத எங்கிட்ட சொல்லியிருந்தா அதையே எழுதியிருப்பேனே. அப்பவும் உங்கள டில்லிக்குக் கூட்டிப் போயிருப்பேனே” என்றார்.

அது எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் வருத்தமாகக்கூட இருந்தது. ஆனால் வெல்லத் தண்ணீருக்கெல்லாம் டில்லியில் கைதட்டுவார்களா, சொல்லுங்கள்.

அப்புறம் அவர் உங்களுக்கு எழுதினார், நீங்கள் விசாரிக்க வந்தீர்கள். மற்ற ஐந்து வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னால் சொல்கிறேன், எல்லாம் ஒரே மாதிரிதான். உப்புத் தண்ணீர் கொடுத்திருந்தால் ஆறு பிள்ளைகளும் பிழைத்திருக்கும். எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் செய்தேன். கீழே கையெழுத்துப் போடவும் தயார்.

தையலம்மாளுக்கு இப்போது வேறு பிள்ளை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். போன மழையில் அதற்கும் வயிற்றால் போனதாம். இந்தப் பவுடர்தான் இப்போது எல்லா ஊரிலும் கொடுக்கிறார்களே, அதைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள், பிழைத்துக்கொண்டது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவளிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். விவரம் புரிந்தால் எனக்கு நன்றி சொல்வாள்.