கடைசிக் கேபிளை உருவும் முன்

– உருவிட்டேன், மார்லிஸ். உன் டுலூத் ஊருக்குப் போற கேபிள் இப்ப என் கையில தொங்குது. உன் திரையில என்ன சொல்லுது, அழுவுதா?

– இல்ல. ரௌட்டர் உயிரோடதான் இருக்கு. ஈலி ஊர் வழியா சுத்திக்கிட்டு வந்து பதில் சொல்லுது.

– என்ன மாதிரியே. முன்வாசல்ல துரத்தினா கொல்லைப்பக்கமா வந்து நிக்குது.

– உன்ன மாதிரி இல்ல, ஆர்விட். அது கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். அடுத்தத உருவு.

– என்ன அவசரம், மகாராணி? ஊர்க்காரங்களப் போன வாரமே புது ரௌட்டருக்கு மாத்தியாச்சு. இந்தக் கிழட்டுப் பொட்டிய நம்பி இப்ப மிச்சம் இருக்கறது இந்த ஷெட் போனும் நானும்தான்.

– அந்தப் போன்லதானே பேசிட்டிருக்கே. மூணாவது கேபிளும் போனா நம்ம பேச்சும் போயிடும். ஞாபகம் இருக்கட்டும்.

– அதான் சொல்றேன்ல, மெதுவாப் போவோம்னு. டோஃப்டி ஊர்க் கம்பம் ஞாபகம் இருக்கா?

– பனி தள்ற வண்டி இடிச்சுச்சே, அதா?

– அதேதான். கம்பம் சாஞ்சு டுலூத் கேபிள் அறுந்துச்சு. ஈலி பக்கத்து வழி கல்லு மாதிரி நல்லா இருக்கு. ஆனா இங்க கிராண்ட் மரே ஊர் முழுக்க இன்டர்நெட் இல்ல. இன்னொரு வழிதான் இருக்கே, உன்னோடதும் என்னோடதும் ரெண்டு ரௌட்டரும் ஏன் பேசிக்க மாட்டேங்குதுன்னு நீ அங்க, நான் இங்க, மண்டைய ஒடச்சுக்கிட்டோம்.

– எப்படிப் பேசும்? ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கற அதுங்களோட பி.ஜி.பி. உறவ அந்தக் கேபிள் முகவரியில கட்டி வச்சிருந்தோம். கேபிள் போனா முகவரி போச்சு, முகவரி போனா உறவு போச்சு. அப்ப எல்லாருமே அப்படித்தான் பண்ணிட்டிருந்தோம்.

– அப்புறம்தான நீ ஒவ்வொரு ரௌட்டருக்கும் லூப்பேக் போட்டே. எந்தக் கேபிளோடயும் ஒட்டாம, பொட்டிக்குன்னே சொந்தமா ஒரு முகவரி. எந்த வழி அறுந்தாலும் மிச்ச வழியில தேடி வந்துடலாம்னே. அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?

– கதவே இல்லாத வீட்டுக்கு எதுக்குக் கதவு நம்பர்னு கேட்டே.

– மேதை. அப்பவே என்ன வேலைய விட்டுத் தூக்கியிருக்கணும் நீ.

– தூக்கலாம்னுதான் இருந்தேன். அந்த வாரம் பாத்து ஹெர்ரிங் மீன் புகை போட்டுக் குடுத்தனுப்பிச்சே.

– லஞ்சம். என் வாழ்க்கையில உருப்படியாப் பண்ணின ஒரே நிர்வாக வேலை. சரி, ஈலி கேபிளயும் உருவறேன். ம்... வந்துடுச்சு. இப்பவாவது செத்துச்சா?

– இல்ல. மலை மேல ரேடியோ கோபுரம் வழியா வருது. இழுத்து இழுத்து வருது, ஆனா வருது.

– பிடிவாதம் பிடிச்ச கழுத. பாக்கவே பாவமா இருக்கு.

– அரிசோனாவுக்கு எப்பக் கெளம்பறே?

– சனிக்கிழமை. தங்கச்சி எனக்குன்னு ஒரு அறைக்குப் பெயின்ட் எல்லாம் அடிச்சு வச்சிருக்கா. அங்க பனியே கிடையாதாம். தேள் உண்டாம்.

– உனக்குப் போகணுமா?

– இந்த ஷெட்ட மூடினப்புறம் எனக்கு இங்க என்ன வேலை? யாருக்குப் போன் போட்டு, 'பொட்டி செத்துப்போச்சு, என்னன்னு பாரு'ன்னு சொல்லப்போறேன்?

– அதப் பத்தி ஒண்ணு சொல்லணும். நீ அப்படிப் போன் பண்ணும்போதெல்லாம் நான் முதல்ல என்ன பண்ணுவேன் தெரியுமா?

– என்னத் திட்டுவே.

– அதுக்கும் முன்னாடி. லூப்பேக்குக்கு ஒரு பிங் போடுவேன். உயிரோட இருக்கியான்னு தட்டிக் கேக்கற மாதிரி. பாதி நாள் சுத்தமா பதில் வரும். பொட்டிக்கு ஒரு நோவும் இருக்காது.

– பாதி நாள்னு சொல்ல முடியாது. முக்கால்வாசி.

– தெரிஞ்சும் மணிக்கணக்கா உன்கூடப் பேசினேன். உன் நாய் கதை, உன் முட்டி வலி, பக்கத்து வீட்டுக்காரி பண்ணின கேசரோல் கருகின கதை. ஏன்னு நீ யோசிச்சதே இல்லையா?

– வேலையில உனக்கு அவ்வளவு அக்கறைன்னு நெனச்சேன்.

– மேதை.

– மார்லிஸ், மூணாவது கேபிள்ல கை வச்சிருக்கேன். இத உருவினா நீ டுலூத்ல, நான் இங்க. கிறிஸ்துமஸ் விருந்துல ஓரமா நின்னு பாத்தத விட்டா, எனக்கு நீ வெறும் குரல்தான். போன்லயே நாக்கு ஒட்டிக்குது, நேர்ல வந்து எங்க சொல்லப்போறேன்? இத உருவாம இப்படியே விட்டுடட்டுமா?

– உருவு.

– அவ்வளவுதானா?

– உருவு, ஆர்விட்.

– சரி. உருவிட்டேன். ஹலோ? மார்லிஸ்? ஹலோ? போச்சு, போனும் செத்துப்போச்சு. முட்டாப்பய நான். என்னப் போகாதேன்னு ஒரு வார்த்த சொல்லேன்னு கேக்க வாய் வரலையே.

– போகாதே. மொதல்ல இந்தக் கதவத் தெற, வெளியிலதான் நிக்கறேன். என் மேசை நம்பர செல்போனுக்குத் திருப்பி விட்டுட்டு, லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு காலையிலேர்ந்து உன் ஷெட் வாசல்ல கார்லயே உக்காந்திருந்தேன், கால் மரத்துப்போச்சு.