உள்ளே ஓடிய வருஷம்

உங்கள் ஸ்டேஷன் பிரிண்டரில் காகிதம் கோணலாக ஏறுகிறது. தட்டின் ஓரத்தில் இருக்கும் அந்தப் பச்சைப் பிடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் சரியாகிவிடும். நான் சொல்வதை அதில்தான் அச்சடித்துக் கையெழுத்து வாங்கப்போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். கண்ணெதிரே ஒரு மிஷின் தப்பாக ஓடினால் எனக்குச் சும்மா உட்கார வராது. அதுதான் இத்தனை காலமும் என் பிழைப்பு.

என் அண்ணனை நான் அடைத்துவைத்தேன் என்று அவர் மகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். சின்னப் பெண், கோபத்தில் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் போட்டிருக்கிறாள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கெட்டிக்காரர். வாலிப வயதில் கடைகளில் பில் போடுவதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். மரக்கடை, மருந்துக்கடை, பெயின்ட் கடை என்று சுற்றுவட்டாரத்தில் பாதிக் கடைகளில் அதுதான் ஓடியது. அவர் எழுதுவார், நான் பையைத் தூக்கிக்கொண்டு கடைகடையாகப் போய்ப் போட்டுக் கொடுப்பேன். அவருக்கு ஒரு விளையாட்டுப் புத்தி உண்டு. தள்ளுபடிக் கணக்குக்கு 'மச்சான்' என்று பெயர் வைத்தார். அண்ணியின் தம்பி எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பேரம் பேசி மானத்தை வாங்குவார், அதனால். வரிக்குப் பெயர் 'மாமியார்'. சரக்கு இருப்புக்கு அண்ணியின் செல்லப்பெயர். எந்த மச்சான் எந்த மாமியாரிடம் போய் எதை வாங்கிவருகிறார் என்பதை எங்கும் எழுதிவைக்கவில்லை. எல்லாம் அவர் தலைக்குள். நான் உள்ளே போய்ப் பார்த்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும்.

பிறகு புதிய கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றில் அண்ணனின் புரோகிராம் திறக்கவே இல்லை. கடைக்காரர்களுக்கோ விரல் அதில் பழகிவிட்டது, வேறு எதுவும் வேண்டாம் என்றார்கள். நான்தான் வழி கண்டுபிடித்தேன். புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பாவனையாக உருவாக்கலாம். அதன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்தேன், ஏனென்றால் புதிய வருஷங்களைப் பார்த்தால் புரோகிராம் நின்றுவிடும். அச்சாகும்போது மட்டும் தேதியை மாற்றிக்கொள்ளலாம். உள்ளே ஓடும் புரோகிராமுக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. வெளியே வருஷம் மாறியதை யாரும் அதற்குச் சொல்லத் தேவையில்லை. அது பாட்டுக்கு வேலை செய்யும்.

ஆனால் வெளியே இருக்கும் கம்ப்யூட்டர் சும்மா இருக்காதே. அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று உடையும். அதைச் சரிசெய்ய அண்ணன் வேண்டும். கடைக்காரர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டில் கை வைத்தால் போன் அடிக்கும். ஒரு கல்யாணம், காரியம் என்று நான் வெளியூர் போனதில்லை. புதிதாக எதையும் படிக்கவும் இல்லை. அந்த வலைக்குள் நான் சிக்கிக் கிடந்ததைப் பற்றி இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

அண்ணி இறந்த பிறகு அண்ணன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "போதும்டா தம்பி. எல்லாரையும் புதுசுக்கு மாத்திவிட்டுடு. நான் பாப்பா கூடப் போய் இருந்துக்கறேன்" என்றார். பாப்பா என்பது அவர் மகள். வெளிநாட்டில் இருக்கிறாள்.

நான் ஒரு கடையையும் மாற்றவில்லை. அவர் கிளம்புவதற்குள் மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை. பிறகு அண்ணி இறந்ததையே மறந்து, "உங்க அண்ணி எங்கடா போனா, இன்னும் காணோமே?" என்று கேட்டார். அவர் மனதில் ஏதோ ஒரு பழைய வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சரியம் என்னவென்றால் புரோகிராம் மட்டும் மறக்கவில்லை. முன்னால் உட்காரவைத்தால் மளமளவென்று சரிசெய்தார், அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டே. அப்படிச் சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எப்போதோ வயிற்றில் செய்த ஆபரேஷனால் உடம்பில் ஒரு சத்து சேரவில்லையாம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "பயப்படாதீங்க. விடாம ஊசி போட்டா தெளிஞ்சிடுவார். விட்டுட்டீங்கன்னா நரம்பு போயிடும், அப்புறம் என்ன பண்ணாலும் திரும்பாது." எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஊசி போட்டோம். சொன்னபடியே தெளிந்தது. ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று, "அவ செத்துட்டால்ல?" என்றார். ஆமாம் என்றேன். தரையில் உட்கார்ந்து அழுதார் பாருங்கள், புதிதாக இறந்தவளுக்கு அழுகிற மாதிரி. என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததும், "பாப்பாவுக்கு போன் போடு. டிக்கெட் எடுக்கச் சொல்லு" என்றார்.

அதன்பிறகு நான் ஊசியை நிறுத்திவிட்டேன்.

ஒரு மனுஷனை ஒரே துக்கத்துக்கு இரண்டு தடவை அழவைப்பது பாவமில்லையா? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். கடைகளின் ஞாபகமும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

சீக்கிரமே அவர் பழைய வருஷத்துக்குத் திரும்பிவிட்டார். அதற்கேற்றபடி பின்னறையை நான் ஒழுங்கு செய்தேன். பழைய குண்டு மானிட்டர், அந்தக் காலத்துக் காலண்டர். ஜன்னலில் காகிதம் ஒட்டினேன், வெளியே கட்டடங்கள் மாறியிருப்பதைப் பார்த்தால் குழம்புவார் என்று. கண்ணாடியையும் எடுத்துவிட்டேன், நரைத்த தலை அந்த வருஷத்துக்குப் பொருந்தாது. கதவை வெளிப்பக்கம் பூட்டியது அவர் தெருவுக்குப் போய் வழி தவறக் கூடாது என்பதற்காக. அண்ணி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், திங்கட்கிழமை வருவாள் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். பாப்பா போன் செய்தால், "உன் குரலைக் கேட்டா அப்பா ரொம்பக் குழம்பிடறார்மா. டாக்டர் பேச வேணாம்னு சொல்லியிருக்கார்" என்பேன். அவள் அழுவாள். சித்தப்பா நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும் என்பாள்.

அவர் விரல்கள் மரத்துப்போனபோது, அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கால்கள் தடுமாறியபோது கட்டிலைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

ஒரே ஒரு தடவைதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. மரக்கடைக்காரரின் பில்லில் தள்ளுபடி இரண்டு தடவை கழிந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே, "மச்சான் முன்வாசல்லயும் வாங்கிட்டு பின்வாசல்லயும் வாங்கறான், பாரு" என்று இடத்தைக் காட்டினார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கு ஏதோ ஊசி போட்டுட்டு இருந்தாங்கல்ல?"

"இல்லையேண்ணா."

"இல்லையா?"

"இல்லண்ணா. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க."

"நீ சொன்னா சரிதான்" என்றார். சின்ன வயதிலிருந்தே என்னை அவர் சந்தேகப்பட்டதில்லை. கேட்ட அன்றைக்கே ஊசி போட்டிருந்தால் நடை திரும்பியிருக்கும் என்று இப்போது ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களாம். அது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் இல்லை என்றேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

பாப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். நான் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம், பக்கத்து வீட்டுக்காரரை வைத்துப் பூட்டை உடைத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அவள் கட்டிலடியில் மண்டியிட்டு அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் மரியாதையாக, "யாரும்மா நீங்க? எங்க பாப்பா ஸ்கூல்லேர்ந்து வர நேரம், கொஞ்சம் வழி விடுங்க" என்றார். அவள் என்னைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. ஏன் சித்தப்பா என்று மட்டும் கேட்டாள்.

இவ்வளவுதான் விஷயம். நான் எதையும் மறுக்கப்போவதில்லை, வக்கீலும் வேண்டாம். ஒரே ஒரு உதவி. இன்று காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் ஊசி ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நடக்கமாட்டார், ஆனால் ஞாபகம் கொஞ்சம் திரும்பலாம் என்கிறார்களாம். திரும்பட்டும், யார் வேண்டாம் என்றது? மருந்துக்கடையில் மட்டும் இந்தப் புதிய அப்டேட்டுக்குப் பிறகு பில்லின் மொத்தத் தொகை அச்சாகவில்லை. எங்கே தப்பு என்று அண்ணன் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுவார், என்னை அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரவிட்டால் போதும். ஆனால் தெளிந்துவிட்டால் அவர் என்னிடம் பேசமாட்டார். அதனால் நாளைக்குப் போடவேண்டிய ஊசியை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.