இடப்பக்கப் பட்டியலில் விட்டுப்போன பக்கம்

விழாத் தலைவர் பாலசுப்ரமணியம் ஐயா அவர்களே, ஆர்.கே.புரத்திலிருந்து வந்திருக்கும் சங்கத்துப் பெரியவர்களே, நாலா என்னும் சாக்கடைக் கால்வாயின் கரையில் என்னோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

மைக் முன்னால் நிற்பது இதுவே முதல்முறை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். சங்கத்தின் இணையதளத்துக்குப் பக்கங்கள் எழுதியதற்காக இன்று சால்வை போட்டிருக்கிறீர்கள். ரேஷனுக்கு ஒரு பக்கம், பென்ஷனுக்கு ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம். எழுதினால் போதுமா? எழுதியது கண்ணில் பட வேண்டாமா?

குடிசைக் கணக்கெடுப்பு வருகிறது என்றதும், 'ரேஷன் அட்டையின் நகலை மட்டும் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள்' என்று ஒரு பக்கம் எழுதினேன். அதன் இணைய முகவரியைத் தட்டினேன், திறந்தது, மகிழ்ந்தேன். ஆனால் திரையின் இடப்பக்கம் ஒரு பட்டியல் இருக்கிறதே, அது தனிக் கோப்பு. அதில் அந்தப் பக்கத்தின் பெயரைச் சேர்க்க மறந்தேன். நம்மில் யார் முகவரி தட்டுகிறோம்? பட்டியலைப் பார்த்துத்தானே அழுத்துகிறோம்? கதவு வைக்காமல் வீடு கட்டிவிட்டேன், பெரியோர்களே.

வீட்டுவேலை செய்யும் ஆராயி அத்தை சங்கத்துக்கு வந்து கணினியில் தேடினார். கிடைக்கவில்லை. கணக்கெடுக்க வந்தவரிடம் அசல் அட்டையைக் கொடுத்தார். அட்டையும் திரும்பவில்லை, கணக்கெடுப்பில் அவர் பெயரும் வரவில்லை. பெயர் இல்லை என்று அடுத்த வாரம் அவர் குடிசையை இடிக்கிறார்கள்.

"சைடுல இருக்கறதெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டேன்டி பூங்கோதை. ரேஷன் இருக்கு, பென்ஷன் இருக்கு, சர்வே இல்லியே" என்றார்.

"இருக்கு அத்தை" என்றேன்.

"எங்கடி?" என்றார்.

அப்போதுதான் பட்டியலை மேலிருந்து கீழே நானே படித்துப் பார்த்தேன்.

ஜல்தியா முடிம்மா என்கிறார் தலைவர். முடிக்கிறேன் ஐயா.

அத்தையின் பெயரைச் சேர்ப்பது பற்றி நாளை காலை விசாரணை. அத்தை பதினெட்டு வருடம் இங்கேதான் இருக்கிறார் என்று, கணக்கெடுப்பில் பெயர் வந்த மூன்று பேர் நேரில் சொல்ல வேண்டும். என் அம்மா வருகிறார். பச்சைமுத்து மாமா வருகிறார். என்னால் முடியாது, எனக்கு வயது பதினாறு. மூன்றாவது யார்?

"அப்புறம் எங்க பேரையும் வெட்டிட்டா?" என்று கேட்கிறீர்கள், கோவிந்தம்மாள் அக்கா. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் அத்தைக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். அதை இடிக்கும்போது எந்தப் பக்கம் உங்களுடையது என்று புல்டோசர் கேட்குமா?

விட்டுப்போன பக்கத்தை நேற்று பட்டியலின் உச்சியில் சேர்த்துவிட்டேன். விட்டுப்போன மனுஷியை நான் ஒருத்தி சேர்க்க முடியாது. ஒரு கை உயரட்டும். காத்திருக்கிறேன்.

...

தெரிகிறது, கோவிந்தம்மாள் அக்கா. கையை இறக்கிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குத் தண்ணீர் லாரி நிற்கும் இடத்தில் சேர்ந்து விசாரணைக்குப் போவோம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. வருகிறேன், வணக்கம்.