பெட்டிகளின் பொறுமை

உலக மக்கள் அனைவருக்கும், குறிப்பாக என்னை விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கும், மாபெரும் உண்மை ஒன்றை இதனால் அறிவிக்கிறேன்: தகவலை வழியனுப்பும் ரவுட்டர் பெட்டிகள் நம்மைவிட ஒழுங்காக ஒன்றையொன்று நலம் விசாரிக்கின்றன. உட்காருங்கள் ஐயா. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள்.

எந்தத் தகவலுக்கு எந்த லேபிள் ஒட்டி அனுப்புவது என்று பக்கத்துப் பெட்டியோடு பேசி முடிவுசெய்வதுதான் அவற்றின் பிழைப்பு. நடுவில் சில நொடிக்கொருமுறை ‘ஹலோ’ சொல்லிக்கொள்ளும். தொடர்ந்து மூன்று ஹலோ வராவிட்டால்தான் எதிராளி செத்ததாக எண்ணி, லேபிள்களைத் தூக்கிப்போடும், லைன் விழும். அந்தப் பொறுமைக்கு ஹோல்டு டைமர் என்று பெயர். இரு பக்கமும் வெவ்வேறு அளவு வைத்திருந்தால் குறைவானதே செல்லும். பொறுமையில்லாதவர் வைத்ததே சட்டம், குடும்பங்களிலும் அப்படித்தான்.

ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் அந்த டைமர்களை அமைப்பது என் வேலை.

மகளின் பேறுகாலத்துக்குப் போன என் மனைவி அங்கேயே தங்கிவிட்டார். “வெச்சிடட்டுமா?” என்றுதான் போனில் பேச்சையே தொடங்குவார். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இயர்போனோடு பிறந்தவர். என்னை அழைத்துப் பேசியது ஒருவர்தான்: ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் மேற்பார்வையாளர் அம்மா. அங்குள்ள தொலைபேசிகள் எங்கள் லைனில் ஓடின. லைன் விழுந்தால் தன் செல்போனிலிருந்து எங்கள் அலுவலக எண்ணைக் கூப்பிடுவார்.

“சார், மறுபடியும் படுத்துடுச்சு. உங்க லைனும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணு சார். சொல்லாம கொள்ளாம படுத்துக்கறாங்க.”

“எழுப்பிடலாம்மா.”

“லைனையா, அவரையா?”

நான் சரிசெய்து முடிப்பதற்குள், சாப்பிட்டீர்களா என்றும் கேட்டுவிடுவார்.

பிறகு நிர்வாகம் புதுப் பெட்டிகள் வாங்கியது. இயக்குநர் ரிப்பன் வெட்டி, “வீழ்ச்சி என்ற சொல்லே இனி நம் அகராதியில் இல்லை” என்று முழங்கினார். அவர் சொன்னதில் முதன்முறையாக ஒன்று பலித்தது. லைன் விழவில்லை. போனும் வரவில்லை.

ஆகவே என் பக்கத்து டைமரைக் குறைத்தேன். ஒரே ஒரு ஹலோ தாமதித்தாலும் செத்ததாக எண்ணும்படி வைத்தேன். உச்சி வேளையில் லைனில் நெரிசல் கூடும், ஹலோ தாமதிக்கும், லைன் விழும். அம்மா அழைப்பார். டைமருக்குப் பழைய அளவைத் திரும்பக் கொடுப்பேன், லைன் நிமிரும். சில நாள் விட்டு மறுபடி குறைப்பேன். மாற்று லைன் ஒன்று உண்டு. திட்ட வரைபடத்தில் பச்சை நிறத்தில் மிக அழகாக இருக்கும். வரைபடத்துக்கு வெளியே நான் அதைப் பார்த்ததில்லை. விரைந்து சீர்செய்பவர் என்று இயக்குநர் எனக்குக் கோப்பை கொடுத்தார். அதில் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்கும் அந்த நாளிலும் அம்மா அழைத்தார். பழைய அளவைத் திரும்பக் கொடுக்கும் கட்டளையைத் தட்டி வைத்துவிட்டேன். என்டர் பொத்தான் மட்டும் பாக்கி.

“வீட்ல எல்லாரும் எப்படிம்மா இருக்காங்க?” என்றேன்.

“அதை ஏன் கேக்கறீங்க. பொண்ணுக்கு வேலை கெடைச்சிருச்சு, ஆனா அவ அப்பா தூரமா அனுப்ப மாட்டேன்னு உக்காந்துட்டாரு.” கொஞ்சம் சிரித்தார். “சார், லைன் வந்துருச்சா?”

“இதோ வந்துட்டே இருக்கும்மா. அப்புறம் என்ன சொன்னீங்க?”

“பொட்டியக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறா. சார், லைனு?”

“இதோம்மா.”

நல்ல பேச்சு ஐயா. என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது.

அந்த நேரத்தில் தையல்காரர் ஒருவர், மூச்சுத் திணறும் மனைவியை மடியில் கிடத்திக்கொண்டு, மையத்தின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்ததாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். பிறகு அவரே தூக்கிக்கொண்டு இறங்கியபோது மாடிப்படியிலேயே உயிர் போய்விட்டதாகவும் சொல்கிறீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

டைமரைக் குறைத்தது நான். பொத்தானை அழுத்தாமல் இருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தனி ஆளாக இருப்பவனுக்கு ஒரு நட்பு எவ்வளவு பெரிது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்.

கேட்டுவிட்டீர்களா?

லைன் விழும்போதெல்லாம் வேறு வேறு ஆள் போனை எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாராம்.