அக்கா வைத்த ரோஜா

ரோஜாச் செடி வளர்ப்பது பெரிய வித்தையில்லை. காலை வெயில், தண்ணீர் தேங்காத மண், வருடத்துக்கு ஒரு தடவை கவாத்து, அவ்வளவுதான். எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே நின்ற இளஞ்சிவப்புப் புதர் ரோஜா அதைக்கூடக் கேட்டதில்லை. பூச்சிக்கும் மசியாது, வறட்சிக்கும் மசியாது. கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

அதை வைத்தது அக்கா. என் கணவரின் முதல் மனைவியை நான் அப்படித்தான் சொல்வேன். இறந்தவர்களுக்கு மரியாதை தர வேண்டும். நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவர் மகளுக்கு ஏழு வயது. என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். குறை சொல்ல முடியாத பிள்ளை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பாள். ஆனால் பள்ளிவிட்டு வந்தால் பையைக்கூட இறக்காமல் செடியிடம்தான் போவாள். "இன்னிக்குக் கணக்குல முழு மார்க்கும்மா" என்று அதனிடம் சொல்வாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் அவளுக்காகப் பால் ஆற்றிக்கொண்டு நிற்பேன்.

ஒரு மதியம் பாத்திரம் கழுவ வைத்த வெந்நீர் மிஞ்சியது. வீணாக்குவானேன் என்று செடியின் அடியில் ஊற்றினேன். அது கொதித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் இலைகள் சுருண்டன. அவள் ஓடிவந்து என் மடியில் முகம் புதைத்தாள்.

"அம்மா, அது செத்துடுமாம்மா?"

என்னைத்தான் அம்மா என்றாள். இருவரும் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்தோம். நானும் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

கடவுள் அவள் வேண்டுதலைத்தான் கேட்டார். ஐந்தாவது வாரம் அடியிலிருந்து சிவப்பாகத் துளிர்கள் கிளம்பின. நர்சரிக்காரரிடம் விசாரித்தேன்.

"ஒட்டுச்செடின்னா மேல கருகிட்டா போச்சு. அடியிலேர்ந்து காட்டுச்செடிதான் வரும். இது குச்சி நட்டு வந்தது, சொந்த வேர். லேசுல சாகாது, கவலைப்படாதீங்க" என்றார்.

நல்ல மனிதர். ஒட்டுச்செடி என்று சொல்லும்போது என்னை ஏன் பார்த்தார் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

செடி பூத்ததும் நான் மறுபடி சித்தியானேன். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை, சில வருடங்களில் இரண்டு தடவை ஊற்றினேன். பரீட்சை நாட்களில் ஊற்றியதில்லை.

பத்து வயதில் அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். "நான் தொட்டுத் தொட்டுப் பேசுறேன்ல, அதான் வாடுது. என் கை சரியில்லம்மா."

அந்தப் பிஞ்சுக் கையை எடுத்து முத்தமிட்டேன். "நீ தொடாதே கண்ணு. அம்மா பாத்துக்கறேன்" என்றேன். அவள் செடியை விட்டு விலகிக்கொண்டாள். பிறகு எனக்கு ஊற்ற வேண்டிய தேவையே வரவில்லை. செடி செழித்தது. அவள் தூரத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்ப்பாள். அன்றிலிருந்து நான் அம்மாதான். அவளை ஒருநாளும் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை.

போன மாதம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. தூக்க மாட்டேன் என்கிறாள். பால் கொடுக்கக்கூட நான்தான் எடுத்து மடியில் வைக்க வேண்டும்.

"ஏன் அத்தை, இவ கையில கரன்ட் ஏதும் ஓடுதா?" என்று மருமகன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் வேலைக்குக் கிளம்பியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நிஜத்தைச் சொல்லும்மா. அந்தச் செடி என்னாலதானே வாடுச்சு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது. சொல்லிவிட்டால் குழந்தையை வாங்கிக்கொள்வாள். பிறகு என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று தெரியவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு கண்ணு" என்றேன்.

முதல் தடவை போலவே என் மடியில் முகம் புதைத்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். பேரனை நானே வளர்த்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பாவம், அவளுக்குக் கைராசி இல்லை.