ஸ்டியரிங் அண்ணன்கிட்ட, பிரேக் தம்பிகிட்ட

— அம்மா, அந்த மட்கார்டு மேல சாய வேணாம்னு அவன்கிட்ட சொல்லுங்க. அது என் பங்கு.

— மேடம், அவர் ஏறி நிக்கிற படி என் பங்குன்னு அவர்கிட்டயும் சொல்லிடுங்க.

— ரெண்டு பேரும் வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்க. நான் இதுக்கு மதிப்புப் போட வந்தவ. அண்ணன் தம்பி கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறீங்க, நடுவுல நான் எதுக்கு?

— நாங்க பேசிப் பதினோரு வருஷம் ஆச்சும்மா.

— சும்மா சொல்லல மேடம், ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஒரு விஷயத்துல மட்டும் எங்களுக்குள்ள அப்படி ஒரு ஒத்துமை.

— சரி. பெரியவர் இந்தப் பக்கம், சின்னவர் அந்தப் பக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தஞ்சாம் வருஷத்து வண்டி. பானெட்டும் முன் கதவும் பச்சை, மிச்சமெல்லாம் சிவப்பு. ஏன் இப்படி?

— பச்சைதாம்மா ஒரிஜினல். நானே சுரண்டிப் பாத்தேன்.

— நானும் சுரண்டினேன் மேடம். ஏழு அடுக்கு பெயின்ட். ஏழாவதுதான் சிவப்பு.

— நீங்க எத்தனாவது அடுக்குல நிறுத்தினீங்க பெரியவரே?

— மூணு. கை வலிச்சுது.

— குறிச்சுக்கறேன். ஒரு வண்டி எப்படி ரெண்டு பங்காச்சு?

— சட்டப்படி சொல்றேம்மா. அப்பா மோட்டார் பட்டறை வெச்சிருந்தார். ஆஸ்பத்திரியில கடைசி நாள் எங்க ரெண்டு பேர் கையையும் பிடிச்சுக்கிட்டு, "அந்தப் பெரிய வண்டியை ரெண்டு பேரும் பத்திரமாப் பாத்துக்கங்க"ன்னார். சட்டப்படி அதுதான் உயில். ஆனா இவனோட ஒரே கொட்டகையில நின்னு எதைப் பாத்துக்கறது? நான் இன்ஜினுக்குள்ள தலையை விட்டிருக்கும்போது ஹாரனை அடிப்பான். ரெண்டு தடவை பொறுத்தேன். மூணாவது தடவை பானெட்டுல இடிச்சுக்கிட்டு நாலு தையல். அன்னிக்கே பிரிச்சுட்டோம். இன்ஜின், ஸ்டியரிங், முன்பக்கம் எல்லாம் எனக்கு.

— சேஸிஸ்ங்கிற அடிச்சட்டம், பாடி, சீட்டு, சக்கரம், பிரேக் எனக்கு. ஸ்டியரிங் அவர்கிட்ட, பிரேக் என்கிட்ட. எங்க குடும்பம் போற போக்கும் அதே தான் மேடம்.

— இத்தனை வருஷமா இன்ஜினை எங்க வெச்சிருந்தீங்க?

— ஹால்ல. மேல ஒரு கண்ணாடி போட்டு டீப்பாயா வெச்சுக்கிட்டேன். "உங்க டீப்பாய் ஒழுகுது"ன்னு என் வீட்டுக்காரி தினம் அடியில ஒரு தட்டு வெப்பா.

— எங்க வீட்டு சோபாவே இந்த வண்டியோட பின் சீட்டுதான் மேடம். போன வருஷம் இன்சூரன்ஸ்காரர் ஒருத்தர் உக்காந்தார். தூக்கி விட மூணு பேர் வேண்டியிருந்துச்சு. பாலிசி எடுக்காமலேயே போயிட்டார்.

— இன்னிக்கு எல்லாம் சேர்ந்து நிக்குதே, அது எப்படி?

— முழுசாப் பாத்தாத்தான் விலை சொல்வேன்னு நீங்க போன்ல சொன்னீங்கல்ல மேடம், அதான். நேத்து இங்க என் வீட்டுக் கொட்டகையில மெக்கானிக் வெச்சு மாட்டினோம். காலையில முன்பக்கத்துக்காரர் வந்து நின்னார், மத்தியானத்துக்கு மேல நான் நின்னேன். அவர் இறுக்கச் சொன்ன போல்ட்டை எல்லாம் நான் தளர்த்தச் சொன்னேன். அந்த மெக்கானிக் இன்னிக்கு லீவு.

— ஆர்.சி. புக்?

— அவன் ஒளிச்சு வெச்சிருக்கான்.

— அவர் ஒளிச்சு வெச்சிருக்கார்.

— குறிச்சுக்கறேன். இப்ப என்ன விலை தெரியணும்?

— அவன் பங்குக்கு மட்டும் ஒரு விலை சொல்லுங்கம்மா. நான் வாங்கிக்கறேன்.

— அவர் பங்குக்குச் சொல்லுங்க மேடம். வாங்கப் போறது நான்.

— தனித்தனியா இது ரெண்டு குவியல் பழைய இரும்பு. நிறுத்துத்தான் போடணும். சேர்ந்து ஓடினா, இதை வித்து ரெண்டு வீடு வாங்கலாம்.

— ரெண்டு வீடா?

— நல்ல தெருவுல. அதனால முதல்ல ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. பேட்டரி இல்லாததால இன்ஜினைக் கைப்பிடி போட்டுத்தான் சுத்தணும். பெரியவர் முன்னாடி நின்னு சுத்துங்க, சின்னவர் உள்ள உக்காந்து சோக்கை இழுங்க.

— நான் மூணுன்னதும் இழுக்கச் சொல்லுங்கம்மா.

— அவருக்குக் காது நல்லாக் கேக்குது பெரியவரே.

— அவனுக்கு எப்பவும் கேக்கும். செய்ய மாட்டான். ஒண்ணு, ரெண்டு...

— அண்ணா, கட்டைவிரல்!

— என்னது?

— கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காதண்ணா. இன்ஜின் திருப்பி உதைச்சா விரல் முறிஞ்சிடும். அஞ்சு விரலையும் ஒரே பக்கமா வை. அப்பா எத்தனை தடவை சொல்லிக் குடுத்தார்.

— நீ என்னை அண்ணான்னு கூப்பிட்ட.

— வாய் தவறி வந்துடுச்சு. நீ சுத்து.

— ஒண்ணு, ரெண்டு, மூணு.

— ஓடுது! அண்ணா, இங்க பாரு, ஓடுது!

— ஓடுதுடா. அய்யோ, நிஜமாவே ஓடுது. என் மேல வருதுடா. எதைடா பிடிச்சு இழுத்த?

— சந்தோஷத்துல கைக்கு வந்ததை எல்லாம் இழுத்துட்டேன். நீ தள்ளிக்கோ.

— தள்ளிக்கறதா? தாவி ஏறிப் படியில தொத்திக்கிட்டு நிக்கிறேன். பிரேக்கைப் போடுடா.

— போட்டுட்டேன். அது சும்மா ஆடுது.

— பிரேக் உன் பங்குதானே? பதினோரு வருஷமா அதை என்ன பண்ணின?

— பாலிஷ் போட்டேன். உன் ஸ்டியரிங் மட்டும் என்ன ஒழுங்கா? வலது பக்கம் திருப்பறேன், இடது பக்கம் போகுது.

— தலைகீழா மாட்டியிருப்பான் அந்த மெக்கானிக். நீ இடது பக்கம் திருப்பு. அம்மா, நீங்க வீட்டுப் படிக்கட்டு மேல ஏறிக்கங்க.

— ஏறிட்டேன். நீங்க ரெண்டு பேரும் மோட்டார் கொட்டகையை விட்டு வெளிய வந்தாச்சு, முன்னாடி ரோஜாத் தொட்டி வரிசை.

— பாத்துட்டேன் மேடம். அதுதான் என்னையும் பாத்து வருது.

— நின்னுடுச்சா சின்னவரே?

— நின்னுடுச்சு. மொத்தம் ஆறு தொட்டி நொறுங்கிடுச்சு மேடம். என் வீட்டுக்காரி சந்தைக்குப் போயிருக்கா, வர்றதுக்குள்ள நான் வீட்டை விட்டே போயிடணும்.

— என் வீட்டுக்கு வந்துடு. அடி பட்டுச்சாடா?

— இல்ல. உனக்கு?

— முழங்கால்ல சிராய்ப்பு. விடு. சத்தத்தைக் கேட்டியா? அப்பா தொண்டையைச் செருமற மாதிரியே இருக்கு.

— எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லல. அண்ணா, ஒண்ணு பண்ணு. என் பங்கையும் நீயே வெச்சுக்க.

— சேச்சே, இன்ஜினை நீ வெச்சுக்க. எனக்கு ஒரு டீப்பாய் வாங்கிக் குடுத்தாப் போதும்.

— நீ மூத்தவன், நீதான் வெச்சுக்கணும்.

— சட்டப்படி நீ சின்னவன், விட்டுக் குடுக்க வேண்டியவன் நான். மறுபடியும் சண்டைக்கு வராதே.

— சரி, வண்டி இங்கேயே நிக்கட்டும். நீ தினம் வா. ஹாரனைத் தொட மாட்டேன், சத்தியமா. மேடம், மன்னிச்சுடுங்க, உங்களை வீணா அலைய விட்டுட்டோம். பத்து வீடு குடுத்தாலும் இதை விக்கிறதா இல்ல.

— கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஒரே ஒரு வேலை பாக்கி. இன்ஜின்ல அடிச்ச நம்பரையும் சேஸிஸ்ல அடிச்ச நம்பரையும் பாத்துடறேன்.

— நல்லாப் பாருங்கம்மா. கையில அது என்ன, மதிப்புச் சான்றிதழா?

— இல்ல பெரியவரே. இது எப்பவும் என் பையில இருக்கும். பழைய வண்டி எதைப் பாத்தாலும் இந்தச் சீட்டுல இருக்கிற நம்பரோட ஒத்துப் பாப்பேன். சொல்லப்போனா, இதுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். இந்தக் கையெழுத்து யாருதுன்னு சொல்ல முடியுமா?

— டேய், இங்க வா. அப்பா கையெழுத்துடா. பட்டறைச் சீட்டு.

— அப்பாவேதான். கொம்பு போட்டா அடுத்த வரி வரைக்கும் இழுத்துட்டுப் போவார். இது எப்படி உங்ககிட்ட மேடம்?

— ரெண்டு நம்பரும் சரியா இருக்கு. எங்க தாத்தா வேலை மாறி வேற ஊருக்குப் போற அவசரத்துல, இந்த வண்டியை எந்தப் பட்டறையில ரிப்பேருக்கு விட்டார்னே மறந்துட்டார், சீட்டுலயும் பட்டறை பேர் இல்ல. சனிக்கிழமை ரெடியாகும்னு உங்க அப்பா எழுதிக் குடுத்திருக்கார், இன்னிக்குச் சனிக்கிழமைதான், எடுத்துக்கிட்டுப் போகலாமா?